துயரமானியில் தொண்ணூற்றெட்டு

பனியன் கம்பெனி வேன் கவிழ்ந்து கால் முறிந்த நாளிலிருந்து ராமாத்தாளின் மணிக்கட்டில் துயரமானி இருந்தது. விபத்து மன்றம் மாட்டிவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்கு அது எழுபதுக்குக் கீழே காட்டினால் நஷ்டஈட்டு வழக்கு தள்ளுபடி.

ஐந்தே முக்காலுக்கு, அதே வேனில் அடிபட்ட பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள்.

“வேன் தலைகீழாக் கெடக்குது, நம்ம சூப்பர்வைசர் கண்ணத் தொறந்து, ‘என்ற ரசம் சிந்திருச்சா’ன்னு கேக்கறானக்கா,” என்றாள் ஒருத்தி.

ராமாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எண் முப்பத்தொன்றுக்கு இறங்கியது.

“அழுது தொலைம்மா. நாலு மாசமா வக்கீலுக்குப் பின்னால நாயா அலைஞ்சிருக்கேன்,” என்று பல்லைக் கடித்தாள் மகள் கோகிலவாணி. அந்த வீட்டின் முதல் பட்டதாரி என்பதால் எல்லா ஃபாரமும் அவள் தலையில்தான் விழுந்தன.

“இன்னைக்குத்தான் கண்ணு சிரிப்பே வருது. நான் என்ன பண்ணட்டும்?”

கோகிலவாணி துயரமானியைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். “நீ சிரி.”

எண் விறுவிறுவென்று ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது.

ராமாத்தாளின் சிரிப்பு அடங்கிவிட்டது. “ஏஞ்சாமி, வேன்ல போனது நானா, நீயா?”