இவருக்குப் பதில் இவர்

“அப்பா, பாத்தீங்களா அநியாயத்த? எட்டு வருசமா டீவி நாடகத்துல நடிச்ச மனுசன சொல்லாமக் கொள்ளாமத் தூக்கிட்டாங்களே!”

துணிக்கட்டுகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, கதவையும் சாத்திவிட்டுத்தான் அவன் பேசினான். பதுளை பஸ் நிலையத்தில் “பசறை, பசறை” என்று கத்துகிற சத்தம் கடைக்குள் வரைக்கும் வரும். கொழும்பிலிருந்து பேசுவதாகச் சொல்லிவிட்டு அது அவர் காதில் விழுந்தால் கதை கந்தல்தான்.

மறுமுனையில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கந்தப்பன் சிரித்தார். “நானும் பாத்தேன்டா. இன்ஸ்பெக்டரு வீட்டுக்குள்ள போறப்ப பழைய மூஞ்சி, வெளிய வர்றப்ப புது மூஞ்சி. கீழ ஒரு வரி போட்டாங்க, இவருக்குப் பதில் இவர்னு. அம்புட்டுதான், சோலி முடிஞ்சுது.”

“அது நியாயமா? நீலாம்பரிய யாரு கொன்னதுன்னு எட்டு வருசமாக் கண்டுபுடிக்கல. நடுவுல தங்கச்சி கல்யாணம்னு ரெண்டு மாசம் பந்தி போட்டே ஓட்டுனாங்க. இப்ப ஆளையும் மாத்தியாச்சு. கதய எங்க கொண்டு போறதுன்னு டைரக்டருக்கே தெரியல அப்பா.”

“கொன்னது அந்த டாக்டருதான். எழுதி வச்சுக்க.”

“இல்லப்பா, வக்கீலு. டாக்டருக்கு ஊசி போடவே கை நடுங்குது, அவரு எங்க கொல்றது!”

அந்த நேரம் பார்த்துக் கல்லாவிலிருந்து வாப்பா அஸீஸின் குரல் வந்தது. “ஸப்ரான்! சோறு ஆறிப்போய் ஈக்கி. வாங்க மகன்!”

அவன் போனைக் கையால் பொத்தினான். ஆமாம், அவன் பெயர் ஸப்ரான்தான். கந்தப்பனின் மகன் ஜீவன் செத்து மூன்று மாதமாகிவிட்டது.

இருவரும் கொழும்பில் ஒரே கடையில் வேலை பார்த்தவர்கள். போனில் பேசினால் எது யார் குரல் என்று முதலாளியே குழம்புவார். அன்றைக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டியவன் ஸப்ரான். காய்ச்சல் என்று படுத்துவிட்டான், அவனுக்குப் பதிலாக ஜீவன் போனான். லொறி மோதி, போன இடத்திலேயே உயிர் போய்விட்டது.

அப்போது கந்தப்பன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொழும்புக்குப் போய் மகனை அங்கேயே தகனம் செய்துவிட்டு நின்ற அவர் மனைவி ஜெயலெட்சுமி, ஜீவனின் போனை ஸப்ரானின் கையில் வைத்தார். “அவரு நெஞ்சு தாங்காது தம்பி. கொஞ்ச நாளைக்கு நீயே ஜீவனாப் பேசு” என்றார். லயத்துச் சனமும் வாயைக் கட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு கொழும்பில் நிற்க மனம் வராமல் ஸப்ரான் வாப்பாவின் துணிக்கடைக்கே வந்துவிட்டான். நாடகம் என்றால் எழுந்து போகிறவன், ஜீவன் அப்பாவோடு தினமும் மல்லுக்கட்டிய அந்த ஒரு நாடகத்தை மட்டும் ஒரு நாள் விடாமல் பார்த்தான். மத்தியானத்தில் தினமும் பேசுகிற இந்தப் பத்து நிமிடமும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவான். ஒரு சொல் பிசகினால் மகனோடு அப்பாவும் போய்விடுவார், அந்தப் பாவமும் தன் தலையில்தான்.

“யாருடா அங்க கூப்பிடுறது?”

“மொதலாளிப்பா. சோறு ஆறிப்போய் ஈக்கின்னு...”

ஸப்ரான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ‘இருக்கு’ என்றே பேசுகிற, லயத்தில் பிறந்து வளர்ந்த ஜீவன் வாயில் ஒரு நாளும் வராத சொல் அந்த ‘ஈக்கி’.

கந்தப்பன் லேசாக இருமினார். “சரி, போயிச் சாப்புடு. ஒங் கூட்டாளி ஸப்ரானையும் நேரத்துக்குச் சாப்புடச் சொல்லு.” வழக்கமாகச் சொல்வதுதான். அப்பாடா, கவனிக்கவில்லை என்று ஸப்ரானுக்கு மூச்சு வந்தது.

பேச்சை மறுபடி நாடகத்துக்கே இழுத்தான். “என்ன இருந்தாலும் அந்தப் புது ஆள என்னால ஏத்துக்க முடியாதுப்பா. ஒருத்தரு எடத்துல இன்னொருத்தரு எப்படி வர முடியும்?” சொல்லும்போதே குரல் உடைந்தது. நாடகத்துக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள்.



“அவன் மேல என்னடா தப்பு? கத நின்னுறக் கூடாதேன்னு பாவம், அந்தப் புள்ள என்ன பாடு படுறான்! பழைய ஆளு மாதிரியே பேசப் பாக்குறான், சிரிக்கப் பாக்குறான். எனக்கு அவனப் புடிச்சுப் போச்சு.”

“நெசமாவா அப்பா?”

“நெசமாத்தான். என்ன ஒண்ணு, கீழ அந்த வரி போடாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அத்தன வருசமாப் பாத்த மூஞ்சி இல்லையா?”

மறுமுனையில் கதவு திறக்கிற சத்தமும், “மாத்திரை போட்டாச்சா?” என்று ஜெயலெட்சுமி கேட்பதும் கேட்டன.

“இந்தா, போடுறேன். மகன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்” என்று கந்தப்பன் உரக்கச் சொன்னார். காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் போய் மறைந்தது. அதற்குப் பிறகு போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கும் கூப்பிடுப்பா. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்டச் சொல்லிறாத ஸப்ரான்... அவ நெஞ்சு தாங்காது.”