அந்தப் பக்கம்

"அம்மா, நாலு மணிக்குள்ள ஆயிடுமா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் போய் யார் கால்லயாவது விழறேன்."

"முதல்ல அந்தத் திருப்புளியை எடுங்கய்யா. கால்ல விழறதை அப்புறம் பாத்துக்கலாம்."

ரிப்பேர்காரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து ஊதினார். கிளம்பிய தூசியில் இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

கிடங்கு ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. முப்பது வருஷமாக அங்கே மூட்டை தூக்குகிறாரே என்று இந்த ஐயாவுக்குக் கொடுத்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவர். கண்ணில் படும் பலகையை எல்லாம் சத்தம் போட்டுப் படிப்பார். அதனால் கிடங்கில் அவருக்கு 'வாத்தியார்' என்றே பெயர்.

நாலு மணிக்கு அவருடைய தங்கைக்கு நேர்காணல். தூரத்து ஊரில், பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முகம் பார்த்துத்தான் பேசுவார்களாம். பிரவுசரோ திறந்த கையோடு பொசுக்கென்று மூடிக்கொள்கிறது. விட்டால் அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

"ரப்பர் இருக்காய்யா? எழுத்து அழிக்கிற ரப்பர்?"

"என்கிட்ட இல்லாமலா!" வாத்தியார் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

ரிப்பேர்காரம்மா மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் தேய்த்தார். பக்கத்து அறையில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தங்கை குரல் கொடுத்தாள்.

"அண்ணா, அவங்களைப் போட்டு நச்சரிக்காதே."

"உனக்கென்ன, நீ பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவே."

"போகாம? இன்னும் எத்தனை வருஷம் உனக்கு வடிச்சுக் கொட்டறதாம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாத்தியார் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே உயிர் பெற்றது. ரிப்பேர்காரம்மா திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "எல்லாத்தையும் தமிழ்ல மாத்தி வெச்சிருக்கீங்க!"

"பின்ன, எதுக்கும்மா படிச்சேன்?"

"சரிதான். ஆனா தொறந்த உடனே தானா ஒரு கல்யாண சைட் ஓடுதே. அதான் இதோட கழுத்தைப் பிடிக்குது. யாருக்குய்யா இது?"

வாத்தியார் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குத்தான். போன வருஷம் ஒரு இடம் வந்துச்சு. லாரிப் பட்டறைல வேலை பாக்கிற பையன். அம்மாவோட வந்தான். குழாய் ஒழுகிட்டிருந்துச்சு. டீயைக் கூடக் குடிக்காம அதை முடுக்கிட்டுத்தான் உக்காந்தான். 'மாப்பிள்ளை பொண்ணு பாக்க வந்தாரா, குழாய் பாக்க வந்தாரா'ன்னு இவ கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைம்மா."

"அப்புறம் என்ன?"

"போன்ல சொல்றோம்னாங்க. நான்தான் பெரிய இவன் கணக்கா, 'போனெல்லாம் வேணாம், இதுல எழுதிப் போடுங்க, நானே படிச்சுக்குவேன்'னேன். தினம் வேலை விட்டு வந்ததும் குளிக்காமக் கூட இது முன்னாடிதான் உக்காருவேன். மூணு மாசம். அந்தப் பக்கம் பதிலே சொல்லலை."

"நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

"பொண்ணு வீட்டுக்காரன் போய்க் கெஞ்சறதா? எனக்கும் ரோஷம் இருக்கும்மா. அவகிட்ட சொன்னேன். 'விடுண்ணா, என்னைப் பிடிக்கலை போல'ன்னு போயிட்டா. அதோட வந்த இடத்தையெல்லாம் வேணாம்னுட்டா. இப்ப இந்த ஊரே வேணாங்கறா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "கல்நெஞ்சக்காரங்க. பிடிக்கலைன்னு ஒரு வரி எழுதினா கையா தேஞ்சிடும்?"

ரிப்பேர்காரம்மா திரையைக் காட்டினார். "இதை எடுத்துட்டா பிரவுசர் மூடாதுய்யா. நேர்காணல் தடையில்லாம நடக்கும். எடுத்துடட்டுமா?"

"எடுத்துத் தொலைங்க." உடனே அவர் கையைத் தடுத்தார். "இருங்க. ஒரே ஒரு தரம் தொறந்துட்டு எடுத்துடுங்க."

ரிப்பேர்காரம்மா திறந்தார். திரை வெளுத்து அப்படியே நின்றது. சுட்டி சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நடுவில் சின்னக் கட்டம் ஒன்று வந்து நின்றது.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை எழுத்தின் மேல் வைத்தார்.

"பாத்தீங்களா? இன்னிக்கும் அதையேதான் சொல்றாங்க. 'பக்கம்... பதிலளிக்கவில்லை.'"

ரிப்பேர்காரம்மா மெதுவாகத் திரும்பினார். "ஐயா... இதைப் படிச்சுட்டா தினமும் மூடினீங்க?"

"ஆமா. கீழேயே 'வெளியேறு'ன்னும் போட்டிருக்கே. அதுக்கு மேலயும் ஒரு மனுஷன் வாசல்ல நிக்கலாமா?"

"இது அவங்க சொன்னதில்லைங்கய்யா. கம்ப்யூட்டர் சொல்றது. பழைய மெஷின், பக்கம் தொறக்க நேரமாகுதுங்குது, அவ்வளவுதான்." 'வெளியேறு'க்குப் பக்கத்திலிருந்த 'காத்திரு' என்ற பொத்தானை அழுத்தினார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன. முதலாவது, அவர்கள் வந்துபோன மறுநாள் காலையில் எழுதியது: 'எங்களுக்குப் பூரண சம்மதம். எப்போது வரட்டும்?'

ஏழாவதை வாத்தியார் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று: 'ஐயா, ஆறு கடிதம் போட்டும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எங்களைப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டோம். பையனுக்கு நேற்று கல்யாணம் முடிந்தது.'