நாவல் கன்றின் சாட்சியம்

மதிப்பிற்குரிய நில அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டு மனை ஏரி நிலமா என்று அறியத் தாங்கள் நட்ட சாட்சி நாவல் கன்று, தண்டிலேயே வேர் விட்டுவிட்டது. தண்ணீர் தேங்கும் நிலத்தில்தான் அப்படி விடுமாம். அதனால் இது ஏரி, வீட்டை இடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்துள்ளது. உண்மை நிலவரம் வேறு. என் மனைவி செண்பகவல்லி ஏழு மாதமாகத் துணி அலசிய தண்ணீர் முழுவதையும் அதன் காலில்தான் ஊற்றியிருக்கிறாள்.

"நமக்காகச் சாட்சி சொல்லப்போற புள்ள. வாடி நின்னா நம்மளப் பத்தி நல்லதாவா சொல்லும்?" என்கிறாள்.

நேற்று வந்த தங்கள் ஆய்வாளர் ஷகிலா பானுவிடம் முறையிட்டேன்.

"தண்ணி நின்னு மூச்சு முட்டினாத்தான் சார் இப்படி வேர் விடும். மரம் பொய் சொல்லாது."

"மூச்சு முட்ட வச்சது என் பொண்டாட்டிம்மா!"

"யார் ஊத்துனாங்கன்னு மரம் சொல்லலையே சார்."

ஆகவே, இடிக்கும் முன் இன்னொரு கன்று நட்டு ஓராண்டு தவணை தரக் கோருகிறேன். வராத கன்றுக்கு அவள் இப்போதே பெயர் வைத்துவிட்டாள். எனவே சுற்றிலும் கம்பி வேலி போட்டு, பூட்டி, சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். என்னிடம் தர வேண்டாம். அவள் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கோ. தெய்வசிகாமணி