தக்காளி டாக்டரின் நேரலை

"நடுவுல எது நடந்தாலும் கேமராவை நிறுத்தக் கூடாது. வாயையும் திறக்கக் கூடாது, புரியுதா?" என்று மனைவியை அதட்டிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டார் தக்காளி டாக்டர்.

பட்டம் அவரே சூட்டிக்கொண்டது. விடுமுறை நாட்களில் மொட்டை மாடித் தோட்டத்தில் நின்றபடி, நேரலையில் செடிகளுக்கு வைத்தியம் சொல்வார். அதைப் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது.

"பூஞ்சை நோய் வந்தப்புறம் குய்யோ முறையோன்னு கத்திப் பிரயோஜனமில்ல. வராமப் பாத்துக்கணும். தண்ணியை வேர்ல ஊத்துங்க, இலையைக் குளிப்பாட்டாதீங்க. மண்ணைத் தொடுற அடி இலையைக் கிள்ளிடுங்க. தொட்டிக்குத் தொட்டி இடைவெளி விடுங்க. செடியும் மூச்சு விட வேணாமா?"

பக்கத்தில் இருந்த இன்னொரு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, எங்க தக்காளிச் செடியில இலையெல்லாம் கரும்புள்ளி. கீழருந்து மேல ஏறுது. என் பொண்ணு ஆசையா வெச்சது. செத்துடுமோன்னு அழறா," என்றது ஒரு பெண்குரல்.

குரலைக் கேட்டதும் மனைவி திடுக்கிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் முறைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"செடி எங்கம்மா இருக்கு?"

"ரூம்லதாங்க. ஜன்னலோரம்."

"காத்து வருதா?"

"ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்ல இடிக்குதுங்க."

"வெளங்கிடும்! ஈரம்?"

"சுவத்துக்குள்ள குழாய் ஒழுகுதுங்க. சுவரு பூரா கறுப்பா பூஞ்சை. பொண்ணுக்கும் இருமல் நிக்கவே மாட்டேங்குது."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். திரையில் இதயங்கள் பறந்தன. அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"ஏம்மா, அது ரூமா, பூஞ்சைப் பண்ணையா? அங்க செடி என்ன, எலிகூடப் பொழைக்காது! வீட்டுக்காரன்கிட்ட சொன்னியா?"

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறாருங்க. வந்து எட்டிக்கூடப் பாக்கல."

"அவனெல்லாம் மனுஷனா? சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறானா? வாடகை மட்டும் இனிக்குதோ? அவன் யாருன்னு சொல்லும்மா. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க, நாறடிச்சிடலாம்!"

எதிர்முனையில் ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

"உங்க சொந்த நம்பருக்கு எத்தனை வாட்டி அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கிறீங்க. அதான் இந்த நம்பர்ல வந்தேன். நான் உங்க கீழ் வீட்டுலருந்துதாங்க பேசறேன்."

டாக்டர் வெளிறிப்போய், நிறுத்து நிறுத்து என்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

சொன்ன சொல் தட்டாத மனைவி, வாயைத் திறக்காமல், கேமராவை அவர் முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.