வேலிப் பயித்தங்காய்

மகளின் பிரசவத்துக்காகக் காம்பாரில் அவள் வீட்டுக்குப் போன கெர்ட்ரூடுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சிலிபினில் இருந்த தன் வீட்டு வேலியில் படர்ந்திருந்த பயித்தங்காய் அப்படிப் படுத்தியது. இன்றைக்கு மட்டும் இது நான்காவது போன்.

“ஏங்க, பறிச்சிட்டீங்களா? ஒரு நாள் விட்டாலும் முத்திடும்லா.”

“காலையிலேயே பறிச்சிட்டேன்,” என்றார் கணவர் பெர்னார்ட்.

“என்ன சமைச்சீங்க?”

“நெத்திலி போட்டுப் பிரட்டினேன். நல்லா இருந்துச்சு.”

“மிச்சம்?”

“பேப்பர்ல சுத்தி ஐஸ்பெட்டியில வச்சிருக்கேன்.”

“கழுவிட்டா வச்சீங்க? ஈரத்தோட வச்சா அழுகிடும்.”

“கழுவலைலா. நீ பேத்தியைப் பாரு.”

அவர் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

“யாரது?”

“டிவி.”

 கெர்ட்ரூட் சொன்னாள்:

“நான் நம்ம வேலிகிட்டதான் நிக்கிறேன். மூணு நாளா யாரும் பறிக்கல. எல்லாம் முத்தி, வெளுத்துப் போய்த் தொங்குது.”

பெர்னார்ட் தன் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பார்த்தார்.

“அது... நாளைக்குப் பறிக்கலாம்னு விட்டு வச்சேன்.”

“ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிட்டாங்க. எந்த வார்டு?”