எழுபத்தொன்று

பகலவனுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலையிலேயே ஆயிரத்தைந்நூறு வீச்சு வீசி மூவாயிரம் செங்கல்லை லாரிக்கு ஏற்றிவிட்டு, சங்கராபுரத்துச் சூளையிலிருந்து பைக்கை முறுக்கிக்கொண்டு வீட்டு வழியாக வந்திருந்தான். அந்த வலிக்கிற கையாலேயே நர்ஸ் கோகிலவாணியின் மேசையைத் தட்டினான்.

“எழுபத்தொண்ணு! இதுக்கு இன்னா சொல்றீங்க?”

மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் பெஞ்சு முழுக்க கர்ப்பிணிகள். எல்லாத் தலையும் திரும்பியது. பின்னாலேயே ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றாள் அவன் மனைவி அம்சவள்ளி.

“சோறு துண்ணுகினு இருந்தவள அப்படியே வண்டியில ஏத்திகினு வந்துட்டாரு நர்சம்மா. கை கூட கழுவல.”

விஷயம் இதுதான். போன வாரம் கோகிலவாணி சின்னக் கருவி ஒன்றை அம்சவள்ளியின் வயிற்றில் வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தாள். தூரத்தில் கதிரடிக்கிற எந்திரம் ஓடுவது போல ஒரு சத்தம். அதைச் சரியாக ஒரு நிமிடம் செல்போனில் பிடித்து, சூளையிலேயே தங்கி வேலை செய்யும் புருஷனுக்கு அனுப்பினாள் அம்சவள்ளி. முடிவில் நர்ஸின் குரலும் சேர்ந்து பதிவாகியிருந்தது: “நூத்திப் பத்துலேர்ந்து நூத்தி அறுபதுக்குள்ள இருந்தா பயமில்ல.”

அந்தக் குரல்தான் வினை. பகலவன் டீ குடிக்கிற நேரமெல்லாம் அதைக் காதில் மாட்டிக்கொண்டு எண்ணினான். ஆறு தடவை எண்ணினான், ஆறு தடவையும் எழுபத்தொன்று. போன வருஷம் ஒரு கரு ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அதிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்று யார் சொன்னாலும் அவன் நம்புவதில்லை.

“நல்லாத்தானப்பா இருந்துது? அட்டையில கூட எழுதியிருக்கேனே.”

“எங்க மேஸ்திரியும் நல்லாத்தான் எழுதுறாரு. சனிக்கிழமை கூலிக் கணக்குப் பாத்தாதான் கம்மியா இருக்குது.”

பெஞ்சில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இருபது வருஷ சர்வீஸ். பயந்துபோன புருஷனுக்கும் திமிர் பிடித்த புருஷனுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

“எழுபத்தொண்ணுன்றது உன்ன மாதிரி பெரியவங்க துடிப்புப்பா. வயித்துல இருக்கறது அதவிட வேகமா அடிக்கும். நெசமாவே எழுபத்தொண்ணு இருந்திருந்தா நானே ஆம்புலன்ஸ கூப்ட்டு கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியிருப்பேன். நீ தப்பா எண்ணியிருப்ப.”

“நானா?” பகலவன் நெஞ்சை நிமிர்த்தினான். “எட்டு வருசமா லோடு ஏத்துறேன். ஒரு கல்லு கூட கொறஞ்சதில்ல, ஜாஸ்தியும் போனதில்ல. என் எண்ணிக்கைய மொதலாளியே திருப்பி எண்ண மாட்டாரு.”

“சரி, வா. இங்கயே எண்ணு.”

அம்சவள்ளியைப் படுக்க வைத்து வயிற்றில் ஜெல்லைத் தடவினாள். ஒருவேளை தாயின் நாடி குறுக்கே வந்து குழப்பியிருக்குமோ என்று அவள் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தாள். எண்பத்து நான்கு. அது இல்லை. கருவியை அழுத்தியதும் அறை முழுக்கக் கதிரடிக்கிற சத்தம் கிளம்பியது.

“காதுக்கே வேகமாத்தான கேக்குது?”

“வேகம்லாம் எனக்குத் தெரியாது நர்சம்மா. எனக்குத் தெரிஞ்சது எண்ணிக்கை.”

“எண்ணு அப்போ. ஒரு நிமிசம்.” நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பகலவன் கண்ணை மூடினான். உதடு முணுமுணுத்தது. வலது கை அவனை அறியாமலே லேசாக மேலே எறிவதும் இறங்குவதுமாக ஆடியது. படுத்தபடியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்சவள்ளி.

“போதும், நிறுத்து.”

“எழுபத்தொண்ணு!” என்று கத்தியவனுக்கு அடுத்த நொடியே குரல் உடைந்தது. “பாத்தீங்களா? எம்புள்ளைக்கு இன்னாமோ ஆயிப்போச்சு நர்சம்மா. வண்டிய கூப்டுங்க. காலுல வேணாலும் வுழறேன்.”

கோகிலவாணி கருவியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதன் சின்னத் திரையில் நூற்று நாற்பத்திரண்டு.

“மிசினு பொய் சொல்லுது.”

“மிசினுக்கு உங்கிட்ட இன்னாப்பா பகை?”

அதற்குள் சத்தம் தாறுமாறானது. பகலவன் அலறிவிட்டான். பார்த்தால், குழந்தைக்கு ஒன்றுமில்லை, அம்சவள்ளியின் வயிறுதான் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

“புள்ள உசுருக்கு நான் துடிச்சிகினு இருக்கேன், உனக்கு சிரிப்பு வருதாடி?”

அவள் எட்டி அவனுடைய வலது கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் செங்கல் தூசு இன்னும் போகவில்லை.

“யோவ், சூளையில ஒரு வீச்சுக்கு எத்தினி கல்லு?”

“ரெண்டு. ரெண்டையும் சேத்து வீசிட்டு ஒண்ணுன்னு எண்ணுவோம். அதுக்கும் இதுக்கும் இன்னா…” என்றவன் பாதியில் நிறுத்தி, கருவியிலிருந்த எண்ணை மறுபடி பார்த்தான்.

அம்சவள்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“எம்புள்ளைக்கு நீ இன்னும் எழுபத்தொண்ணு பாக்கிய்யா.”