வயசு வரிசை

"கரண்ட்டே இல்ல டீச்சர். ஆஃப் ஆன கம்ப்யூட்டருக்கா இப்படி நடுங்குறீங்க?" என்று விமல்ராஜ் கேட்டதும் ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள்.

அனுஷாவும் சிரித்துவைத்தாள். விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

செஞ்சிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கணினி அறிவியல் சொல்லித் தரப் பழகுவதற்கான பயிற்சி அது. சற்றுமுன் கரண்ட் போனது. பயிற்சியாளர் சிவசங்கர் சளைக்காமல் சிலரை எழுப்பிச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்து, விளையாட்டை விளக்கியிருந்தார்.

"கம்ப்யூட்டருக்கு மொத்த வரிசையும் ஒரே நேரத்துல தெரியாது. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரத்தான் பாக்கும். சின்னவங்க ஜன்னல் பக்கம், பெரியவங்க வாசப் பக்கம். தப்பா நின்னா ரெண்டு பேரும் இடம் மாறணும். நாளைக்கு உங்க பசங்களையும் இப்படித்தான் நிக்க வெப்பீங்க."

"ஒசரத்துலயா சார்?"

"ஒசரம் பாத்தாலே தெரிஞ்சிடுமே. வயசுல."

"லேடீஸ்கிட்ட வயசு கேக்கலாமா சார்?" என்றார் மனோரமா டீச்சர்.

"சத்தமா வேணாம் மேடம். பக்கத்து ஆளுக்கு மட்டும் சொன்னா போதும். ஆனா உண்மையச் சொல்லணும். ஒருத்தர் பொய் சொன்னாலும் வரிசை கெட்டுடும்."

அனுஷா வாசல் பக்கமாக, விமல்ராஜுக்கும் மனோரமா டீச்சருக்கும் நடுவில் நின்றாள். ஜன்னலோரம் முதல் ஆளாக நின்றது பார்த்திபன். தொண்டூர்க்காரன், கணக்கு வாத்தியார். வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கும் அனுஷாவுக்கும் நிச்சயதார்த்தம் என்பது ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

"குடுத்து வச்சவரு," என்றான் விமல்ராஜ். "முப்பதுலயே மாப்ள ஆயிட்டாரு. எனக்கு முப்பத்துமூணு, இன்னும் புரோக்கருக்கு டீ வாங்கிக் குடுத்துகினு இருக்கிறேன்."

பார்த்திபன் ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அனுஷாவின் ஜாதகத்தில் வயது இருபத்தெட்டு. உண்மையில் முப்பத்தொன்று. வந்த வரன்களெல்லாம் வயதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதால், நைனா ஜாதகத்தைப் புதிதாக எழுத வைத்திருந்தார். "மூணு வயசக் கொறச்சேன், ஊட்டயா இடிச்சேன்? கல்யாணம் ஆயிட்டா அப்புறம் எவன் பாக்கப் போறான்?" என்றார். அவளும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் போனில் பார்த்திபன், "நீங்க பத்தாவது எந்த வருஷம் முடிச்சீங்க?" என்றான். சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாள். அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவ்வளவு நல்லவனை ஏமாற்றுகிறோமே என்று அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆரம்பிங்க," என்றார் சிவசங்கர்.

பார்த்திபனும் அவன் பக்கத்தில் நின்ற யுவஸ்ரீயும் முணுமுணுத்தார்கள். இடம் மாறினார்கள். அடுத்து நின்றவரோடும் மாறினான்.

அனுஷா தலை நிமிரவில்லை. தரையில் அவனுடைய பழுப்புச் செருப்புகள் மட்டும் தெரிந்தன. கனவில் துரத்தி வருகிறவர்கள் நடப்பதுபோல, அவசரமே இல்லாமல் அவை நெருங்கி வந்தன.

"மாப்ள வராரு பாரு," என்று மனோரமா டீச்சர் அவள் இடுப்பில் கிள்ளினார்.

இப்போது நடுவில் விமல்ராஜ் மட்டும். பார்த்திபன் அவனிடம் ஏதோ சொன்னான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் விமல்ராஜ் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. பார்த்திபனை ஒரு கணம் பார்த்தான். இடம் மாறிக்கொண்டான்.

பழுப்புச் செருப்புகள் அவள் பக்கத்தில் வந்து நின்றன.

இருபத்தெட்டு என்று சொன்னால் போதும். அவன் அவளைத் தாண்டிப் போய்விடுவான். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிவிடலாம். ஆனால் பிள்ளைகளை இப்படி நிற்க வைத்து, உண்மையைச் சொல்லுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"முப்பத்தொண்ணு," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "முப்பத்தொண்ணுங்க. ஜாதகத்துல இருக்கிறது பொய். உங்கள விட நான் பெரியவ. நான் இங்கியே நிக்கிறேன், நீங்க மாற வேணாம்."

பழுப்புச் செருப்புகள் அசையவில்லை. அவளுக்குக் காதுவரை எரிந்தது. பீரோவில் மடித்து வைத்திருக்கும் நிச்சயப் புடவை, காரணமே இல்லாமல், நினைவுக்கு வந்தது.

"இன்னா அங்க? ரெண்டு பேரும் ஹேங் ஆயிட்டீங்களா?" என்று சிவசங்கர் குரல் கொடுக்க, ஹால் மறுபடி சிரித்தது.

அப்போதுதான் அனுஷா நிமிர்ந்தாள். பார்த்திபன் தலையைக் குனிந்து அவளுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாறி நில்லுங்க, அனுஷா," என்றான். "எனக்கு முப்பத்தாறு."